குழந்தை முகம் பார்த்தால் முடி கொட்டுமா?

முடிக்கும் தோலுக்கும் சாமான் விற்கிற தொழிலில் இருக்கிற தொல்லை என்னவென்றால், கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் தலையையும் முகத்தையும் கூடவே கொண்டுவருவதால், அதைப் பற்றி நம்மைவிடத் தனக்குத்தான் அதிகம் தெரியும் என்று நம்புகிறார். துவரம்பருப்பு எப்படி வேகும் என்று மளிகைக் கடைக்காரரிடம் யாரும் வாதாடுவதில்லை. நம்மிடம் மட்டும் ஒரு ரூபாய் ஷாம்புக்கு ஒரு மணி நேர வழக்கு நடக்கும்.

நான் பி.எஸ்சி. வேதியியல். கல்யாணத்துக்கு முன்னால் ஷாம்பு தயாரிக்கிற ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் சில வருஷம் இருந்தேன். பழவேற்காட்டில் வாழ்க்கைப்பட்ட பிறகு, படித்தது வீணாகக் கூடாது என்று கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் போட்டேன். முன்பக்கம் வளையல், பொட்டு, ரிப்பன், க்ரீம் டப்பாக்கள். திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி. அதற்குப் பெயர் பியூட்டி பார்லர். விற்றோமா, கல்லாவில் போட்டோமா என்று இல்லாமல், ‘இது ஏன் வேலை செய்கிறது தெரியுமா?’ என்று ஆரம்பித்துவிடுவது என் வியாதி. அதே வியாதியோடு கடை நடத்திக்கொண்டிருக்கும் சகோதரிகளே, இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவேன்?

நுரை வராத ஷாம்பு

சரோஜாக்கா நண்டு வியாபாரம் செய்கிறவர். ஒருநாள் காலி ஷாம்பு பாக்கெட் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். “டூப்ளிகேட்டு சரக்கு விக்கிறியா நீ? நொரையே வரல. முடி பாரு, வலைக்கயிறு மாதிரி நிக்குது” என்றார். முடியைத் தொட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. விசாரித்ததில், முதலில் துணி சோப்பைப் போட்டு நன்றாகத் தேய்த்து, அதற்கு மேல் ‘வாசனைக்காக’ ஷாம்பு போட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

எங்கள் ஊர் உப்பு ஏரிக்கரை போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாயில் வைக்க முடியாது. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகள் சோப்பைக் கண்டதும் பிடித்துக்கொண்டு, வெள்ளையாக ஒரு பிசுக்காக மாறி முடியில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் போடுகிற ஷாம்பு, பாவம், அந்தப் பிசுக்கைக் கழுவுவதற்குள் களைத்துப்போகும். நுரைக்கத் தெம்பு ஏது? சோப்பை விடுங்கள், கடைசியாக ஒரு சொம்பு கேன் தண்ணீரில் எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிந்து ஊற்றுங்கள், புளிப்பு அந்தப் பிசுக்கைக் கரைத்துவிடும் என்று விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, சரோஜாக்கா நிதானமாகச் சொன்னார்: “உப்பு வந்து சோப்ப கெடுக்குது, சோப்பு வந்து முடிய கெடுக்குது, கடைசில பழி ஷாம்பு மேல. எங்க ஊட்டு ஞாயம் மாதிரியே கீதுடி இது.”

முதுகு காட்டிய பிள்ளை

சந்தியா, பக்கத்து மீனவக் கிராமமான தோணிரேவுக்காரி. கணவன் படகுக்குப் போகிறவன். தலைப்பிரசவம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். இடுப்புக்குக் கீழே புரளுகிற முடி அவளுக்கு. எங்கள் கடைத்தெருவில் அவள் பெயர் தெரியாதவர்கள்கூட ‘அந்த நீள முடி பொண்ணு’ என்றால் அடையாளம் சொல்வார்கள். “முடி கொட்டாம இருக்க இருக்கறதுலயே நல்ல எண்ணெ குடுக்கா” என்று கேட்டாள்.

எண்ணெயைவிட அவள் நின்ற விதம்தான் என் கண்ணில் பட்டது. நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டைத் தலையோடு சேர்த்து மூக்குக்கு மேலே வரை இழுத்து மூடியிருந்தாள். பிள்ளையை, முகம் தெருவைப் பார்க்கிற மாதிரி, முதுகைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் மங்கு வருவது சகஜம்தான், அதை மறைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, காட்டும்மா பார்க்கலாம் என்று துண்டைத் தொட்டேன். விலகிப் பின்னால் போய்விட்டாள். அந்த நேரம் பையன் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்க்க முயன்றான். அவள் உள்ளங்கையால் மெதுவாக அவன் தலையை மறுபடி தெருப்பக்கம் திருப்பிவிட்டாள். மூஞ்சியில் ஒன்றும் இல்லை, வேறு விஷயம் என்றாள். என்ன விஷயம் என்று விடாமல் கேட்டதற்குப் பதில் வந்தது: “அவன் என் மொகத்த பாக்கக் கூடாதுக்கா.”

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது என்று ஓடிவிட்டாள். எண்ணெயையும் வாங்கவில்லை.

ராத்திரி க்ரீம்

எட்டியப்பனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் பருத் தழும்பு. வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஒரு க்ரீமைக் கொடுத்தேன். அது மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிரவைத்து, அடியிலிருந்து புதுத் தோலை வரவழைக்கும். புதுத் தோல் வெயில் தாங்காது. அதனால்தான் டப்பாவின் மேல் ‘இரவில் மட்டும்’ என்று போட்டிருக்கும். நானும் அதைப் படித்துக் காட்டித்தான் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து வந்து நின்றான். முகம் வேகவைத்த இறால் நிறத்தில் இருந்தது. மூக்கு நுனியில் தோல் உரிந்து தொங்கியது. அவனைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. ஒருநாள் தவறாமல் ராத்திரியில்தான் தடவியிருக்கிறான். தடவிக்கொண்டு நேராகப் படகில் ஏறி, முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய், விடிந்ததும் மேலே வெயில், கீழே தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெயில் என்று இரண்டையும் உச்சி வேளை வரை முகத்தில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். டப்பாவில் எழுதுகிறவர்கள் உலகத்தில் எல்லோரும் ராத்திரியில் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நாள் எதுவும் வேண்டாம், தோல் ஆறட்டும், அப்புறம் கரைக்கு வந்து குளித்துவிட்டு மத்தியானம் தூங்கப் போகும்போது தடவு என்றேன். படித்துப் படித்துச் சொன்னேனே என்று என் வாய் சும்மா இருக்காமல் சேர்த்தும் வைத்தது. எட்டியப்பன் உரிந்த மூக்கோடு என்னைப் பார்த்தான்: “ராத்திரி தடவுன்னுதானக்கா போட்ருக்குது? ராத்திரில நான் தூங்குவேன்னு அவனுக்கு எவன் சொன்னான்?”

ஒரே பஸ்

சந்தியா மறுபடி வந்தாள். இந்த முறை ஒரு கவரும் கொண்டுவந்தாள். உள்ளே கொட்டிய முடி, பந்து பந்தாகச் சுருட்டி வைத்திருந்தாள். முடி வாங்கிக்கொண்டு பாத்திரம் தருகிற வியாபாரிக்காக என்று நினைத்தேன். இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகக் கேட்டபோது எல்லாம் வெளியே வந்தது. பையன் மாதம் நிறையாமல் பிறந்தவன். சென்னை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவனை வைத்திருந்த நாட்களில், வெளியே நின்று, ‘இவன் பொழச்சி வந்தா என் முடிய முழுசா உனக்குத் தர்றேன்’ என்று திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். பையன் பிழைத்தான். வருஷம் திரும்பியதும் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் மொட்டை என்று முடிவு. “இது என் முடி இல்லக்கா, சாமியோடது. நான் பாத்துக்கினு இருக்கேன், அவ்ளோதான்” என்றாள். அந்த முடிதான் இப்போது கொத்துக் கொத்தாக விழுகிறது. சாமிக்கு முடி குறைந்தால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று அவளுக்கு உடம்பெல்லாம் பயம்.

மீன் ஏலம் விடுகிற இடத்தில் பெண்கள் வழக்கமாகச் சொல்வதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்: குழந்தை அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும். நாமெல்லாம் கேட்டு வளர்ந்ததுதான். எல்லோரும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள், சிரித்துக்கொண்டு கேட்பார்கள். இவள் மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து பிள்ளைக்கு முகம் காட்டுவதை நிறுத்திவிட்டாள். பால் கொடுக்கும்போதும் துண்டுதான். பையன் இப்போது சீலிங் ஃபேனைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று அவளே சொல்லிவிட்டு அழுதாள். பிள்ளைக்காக நேர்ந்த முடியைக் காப்பாற்றப் பிள்ளையிடமிருந்தே ஒளிந்துகொண்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நான் என் வேதியியலையும், அதற்கு மேல் படித்ததையும் கேட்டதையும் எல்லாவற்றையும் இறக்கினேன். ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளரும், அப்புறம் மூன்று மாதம் போல ஓய்வெடுக்கும், அப்புறம் உதிரும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சுரக்கிற ஹார்மோன், எந்த முடியையும் ஓய்வுக்கு விடாமல் பிடித்து வைக்கும். பிள்ளை பிறந்ததும் அப்படிப் பிடித்து வைத்த முடியெல்லாம் சேர்ந்து ஓய்வுக்குப் போகும். மூன்று மாதம் கழித்து அவை சேர்ந்து விழும். குழந்தைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிவதற்கும் கிட்டத்தட்ட அதே மூன்று மாதம்தான் ஆகிறது. இரண்டும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே நேரத்தில் இறங்குகின்றன, அவ்வளவுதான், இது அதைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. விழுந்த இடத்தில் திரும்ப முளைக்கும், இதற்கு எந்த எண்ணெயும் வேண்டாம், நன்றாகச் சாப்பிடு, நர்சு கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை விடாதே என்றேன். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது என்று எனக்கே ஒரு திருப்தி. சந்தியா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு கேட்டாள்: “ஒரே பஸ்ல வந்தாங்கன்னா, ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சவங்களாத்தானக்கா இருப்பாங்க?”

எங்கள் ஊர் பஸ்ஸில் உண்மையும் அதுதான்.

காலி சீட்

தன் முடி சரியானதற்கு எலுமிச்சம்பழத்தின் ராசிதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் சரோஜாக்கா. அவர் மகள் பொன்னேரியில் ரயில் ஏறி மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். போவதற்கு முன்னால் அம்மாவுக்கு நண்டு உடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவாள். மகள் கையில் வாசனை போகவில்லை, கூட வேலை செய்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சரோஜாக்காவுக்கு வருத்தம். மகளைக் கையோடு இழுத்துவந்து, நல்ல சென்ட்டாகக் கொடு என்றார். மீன், நண்டு வாசனை அமிலத்துக்கு எதிரான காரச் சரக்கு, சோப்பும் காரம். இரண்டும் ஒரே கட்சி, ஒன்றை ஒன்று விட்டுக்கொடுக்காது. சென்ட் போட்டால் மல்லிகைப்பூ போட்ட மீன்குழம்புதான். எலுமிச்சையோ புளித்தண்ணீரோதான் எதிர்க்கட்சி, சோப்புக்கு முன்னால் அதைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள் என்றேன். அம்மா தலையாட்டிக்கொண்டிருக்க, மகள் மட்டும் கையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்: “ரயில்ல பக்கத்துல எவனும் உக்கார மாட்றான், நான் கால நீட்டிக்கினு போறேன். நீ வேற எலுமிச்சம்பழத்த குடுத்து அத கெடுக்காதக்கா.”

காதுக்குப் பின்னால்

ஹமீது பாய் கடைத்தெருவில் வலையும் கயிறும் விற்கிறவர். முன்னோர்கள் கப்பலில் சரக்கு அனுப்பிய குடும்பம். அந்த மிடுக்கு இன்னும் நடையில் இருக்கும். மகன் நிக்காஹுக்குத் தாடியைக் கறுப்பாக்க டை வாங்க வந்தார். கறுப்புச் சாயத்தில் இருக்கிற ஒரு ரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இத்தனை வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒருநாள் உடம்பு அதை எதிரியாகப் பார்க்கும். ‘காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வையுங்க, ரெண்டு நாள் பாருங்க, அப்புறம் தாடிக்குப் போடுங்க’ என்றேன். வருஷக்கணக்காகப் போடுகிறேன், எனக்கே பாடமா என்று முறைத்தார். நான் டப்பாவைத் தராமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் பிடிவாதத்துக்காகக் காதைக் காட்டினார்.

மறுநாளே வந்தார். காதுக்குப் பின்னால் சிவந்து, பொடிப்பொடியாய்க் கொப்புளம். உடனே கழுவச் சொல்லி டாக்டரிடம் அனுப்பிவைத்தேன். நிக்காஹில் வெள்ளைத் தாடியோடு, பளிச்சென்று, உண்மையாகவே அழகாக இருந்தார். பிரியாணிப் பந்தியில் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: “காதுல வந்தது தாடில வந்திருந்தா, மாப்புள்ளைய வுட்டுட்டு சனமே என்னைத்தான்மா வேடிக்க பாத்திருக்கும்.”

கண்ணாடி

சந்தியாவை நான் விடவில்லை. உச்சியில் முடி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், வா என்று சொல்லியனுப்பினேன். வந்தாள். தலையைப் பார்க்க வேண்டுமானால் துண்டை எடுத்துத்தானே ஆக வேண்டும்? எடுத்தாள். பிள்ளையை எப்போதும்போல முகம் அந்தப் பக்கமாக மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

வகிடு பிரித்துப் பார்த்தேன். நெற்றி ஓரத்தில் பொடி முடி முளைத்து நட்டுக்கொண்டு நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ‘நிமிர்ந்து பாருடி, புதுசா முளைக்குது’ என்றேன். நிமிர்ந்தாள். கண்ணாடியில் அவள் முகம். அவள் முகத்துக்குக் கீழே, கண்ணை அகல விரித்து அவளையே பார்த்துக்கொண்டு பையன். அத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்ட மாதிரி, பொக்கை வாயைத் திறந்து, சத்தம் போட்டுச் சிரித்தான். சந்தியாவின் கை துண்டை எடுக்கப் பாதி வழி போய் நின்றுவிட்டது. அவளால் முகத்தை மூடவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை. கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. நானும் சீப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: “கண்ணாடில பாத்தா கணக்குல வருமாக்கா?”

மொட்டை

வராது என்றேன். வேதியியல் படித்தவள் சொல்லக்கூடாத பதில்தான். அந்த இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள், சகோதரிகளே. அன்றிலிருந்து கடைத்தெருவுக்கு வரும்போதெல்லாம் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள். புருவம் திருத்த யாராவது உட்கார்ந்திருந்தாலும், கொஞ்சம் நகருங்க என்று பிள்ளையைக் கண்ணாடி முன் பிடிப்பாள். இரண்டு பேரும் சிரித்து முடித்துவிட்டுப் போவார்கள். என் வாடிக்கைக்காரர்கள் காத்திருப்பார்கள், ஒருவரும் முணுமுணுத்ததில்லை.

பிள்ளைகள் வளரும்போது மூளையும் வளர்கிறதே. ஒருநாள் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன், என்னவோ சந்தேகம் வந்தவன் மாதிரி நிறுத்தினான். கழுத்தைத் திருப்பினான். இடுப்பைத் திருப்பினான். நிஜ முகத்தைக் கண்டுபிடித்து, இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சந்தியா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் அவன் தலையைத் திருப்பிவிடவில்லை. அந்த மாதங்களில் முடி கொட்டுவது தன்னால் குறைந்துகொண்டேதான் வந்தது. புதுசு காதோரமெல்லாம் சுருண்டு தொங்கியது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். சாமி காப்பாத்திட்டாருக்கா என்பாள்.

வருஷம் திரும்பித் திருப்பதிக்குப் போய்வந்தார்கள். கவரில் சேர்த்து வைத்திருந்ததையும் மறக்காமல் காணிக்கை முடியோடு சேர்த்துவிட்டாளாம். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் கடைக்கு வந்தாள்: அவளும் பிள்ளையும், இரண்டு மொட்டை, இரண்டிலும் சந்தனம். நீள முடி போய் முகம் மட்டும் மிஞ்சிய சந்தியாவை நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன், அவ்வளவு லட்சணம். பையனுக்கு மொட்டையடித்த இடத்தில் தோல் உரியாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் போதும், நீ வெயிலில் போனால் துணி கட்டிக்கொள் என்று என் பாட்டை ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை. பையன் அவள் மொட்டைத் தலையைத் தட்டித் தட்டிக் கெக்கலித்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தை அவன் முகத்துக்கு நேராக, மூக்கு உரசுகிற தூரத்துக்குக் கொண்டுபோனாள். “சிரிடா, நைனா, சிரி” என்று அவனிடம் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்: “இனிமே எவ்ளோ வேணா சிரிச்சிக்கட்டும்க்கா, விழறதுக்கு இன்னா கீது?”

ஆக, நம் தொழிலில் நாம் தொண்டை வற்றச் சொல்கிற விஞ்ஞானத்தை யாரும் நம்புவதில்லை. அதுவும் அதற்காகக் கோபித்துக்கொள்ளாமல் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டு, பேரைச் சாமிக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது.